சத்தமில்லாமல் கெடும் கோப்பு: இணையக் காணொளியில் தமிழ் சப்டைட்டில் ஏன் தெரியாமல் போகிறது?

ஒரு காணொளிக்குத் தமிழ் சப்டைட்டில் செய்பவர் உழைப்பை எல்லாம் மொழிபெயர்ப்பில் கொட்டுகிறார். வசனம் வசனமாகக் கேட்டு, எழுதி, நேரம் பார்த்துக் கோப்பைச் சேமித்துப் பதிவேற்றிய பிறகு திரையில் ஒன்றுமே வருவதில்லை. அல்லது கட்டம் கட்டமாக வருகிறது. அல்லது நடிகர் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. சப்டைட்டில் கோப்பு கெட்டால் சத்தமில்லாமல்தான் கெடும்.

நல்ல வேளையாக, உள்ளே இருப்பது வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து கண்ணாலேயே பார்த்துவிடலாம். திரையில் என்ன கோளாறு தெரிகிறதோ அதை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வசனத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுவதா, தனிக் கோப்பாக வைப்பதா? வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு நிமிடத் துணுக்குக்குப் பதிப்பதைத் தவிர வழியில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தனிக் கோப்புதான் சரி. பதித்துவிட்டால் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட முழுப் படத்தையும் மறுபடி என்கோடு செய்ய வேண்டும். கண் மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடியாது. வசனத்தைத் தேட முடியாது. இன்னொரு மொழி வேண்டுமென்றால் இன்னொரு படக்கோப்பே தேவைப்படும்.

இரண்டு வடிவம், ஒரு காற்புள்ளி

புழக்கத்தில் அதிகம் இருப்பது எஸ்ஆர்டி. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அந்தப் படங்களைப் படித்து எழுத்தாக்கித் தருவதற்காக பிரான்ஸில் எழுதப்பட்ட சப்ரிப் என்ற விண்டோஸ் நிரலின் வெளியீட்டு வடிவம்தான் எஸ்ஆர்டி. அதன் அமைப்பு இவ்வளவுதான்:

1
00:00:12,400 --> 00:00:15,100
அம்மா, சாப்பாடு ஆச்சா?

2
00:00:15,300 --> 00:00:17,900
அஞ்சு நிமிஷம் இருப்பா.

வரிசை எண், நேரம், வசனம், அதன்பின் ஒரு வெற்று வரி. ஒரு வசனம் முடிந்தது என்பதற்கு அந்த வெற்று வரிதான் அடையாளம். இரண்டு வரி வசனத்தின் நடுவில் தெரியாமல் ஒரு என்டர் கூடுதலாக விழுந்துவிட்டால், இரண்டாவது வரி காணாமல் போகும். மணி, நிமிடம், நொடிக்குப் பின் காற்புள்ளி போட்டு மூன்று இலக்க மில்லிநொடி. தசமத்துக்குக் காற்புள்ளி போடுவது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கம். அந்த ஒரு காற்புள்ளிதான் இன்றுவரை இணையத்தில் காலைத் தடுக்குகிறது.

ஏனென்றால் உலாவிகள் தாமாக எஸ்ஆர்டியைப் படிப்பதில்லை. அவை படிப்பது வெப்விடிடி என்ற வடிவத்தை. எஸ்ஆர்டியை அடியொற்றி 2010-இல் உருவாகத் தொடங்கியது அது. பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். வேறுபாடு நான்கு: கோப்பின் முதல் வரியில் வெப்விடிடி என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும், அதையடுத்து ஒரு வெற்று வரி, மில்லிநொடிக்கு முன் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி, எழுத்துக் குறியாக்கம் (எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 மட்டுமே. முதல் வரியைச் சிறிய எழுத்தில் தட்டினால்கூட உலாவி கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடும். ஒரு நேர வரியில் புள்ளி இல்லையென்றால் அந்த ஒரு வசனம் மட்டும் விழுந்துபோகும். ஆக, எதுவுமே வரவில்லையா, இடையிடையே விட்டுப்போகிறதா என்று பார்த்தாலே எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும்.

மாற்றும்போது பலர் செய்வது, எல்லாக் காற்புள்ளியையும் ஒரே அடியாகப் புள்ளியாக மாற்றுவது. நேரம் சரியாகிவிடும், ஆனால் "அம்மா, சாப்பாடு ஆச்சா?" என்பது "அம்மா. சாப்பாடு ஆச்சா?" ஆகிவிடும். கொஞ்சம் விவரமானவர்கள் 'இரண்டு இலக்கம், காற்புள்ளி, மூன்று இலக்கம்' என்று வடிவத்தேடல் போடுவார்கள். அப்போது "10,000 ரூபாய்" மாட்டிக்கொள்ளும், 10.000 ரூபாயாகிவிடும். அம்புக்குறி இருக்கிற வரிகளில் மட்டும் மாற்ற வேண்டும். அல்லது சப்டைட்டில் எடிட் போன்ற இலவச நிரலில் திறந்து வெப்விடிடியாகச் சேமித்தால் வேலை முடிந்தது.

எஸ்ஆர்டியில் செல்லுபடியான சில குறிகள் வெப்விடிடியில் செல்லாது. வசனத்தை மேலே ஏற்றுவதற்காகச் சுருள் அடைப்புக்குள் ஏஎன்8 என்று போட்டிருப்பார்கள். அது அப்படியே திரையில் எழுத்தாக வந்து நிற்கும். வெப்விடிடியில் அதே வேலைக்கு நேர வரியின் கடைசியில் லைன் என்ற அமைப்பைப் பூஜ்யமாக வைக்க வேண்டும். வசனத்துக்குள் < என்ற குறி வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதை உலாவி ஏதோ நிரல்குறி என்று நினைத்து விழுங்கிவிடும். கணிதப் பாடக் காணொளிகளில் இது அடிக்கடி நடக்கும்.

யூடியூப் இரண்டு வடிவங்களையும் ஏற்கும். எஸ்பிவி என்று ஒரு வடிவமும் அங்கே உண்டு. அதில் நேரம் 0:00:12.400,0:00:15.100 என்று ஒரே வரியில் காற்புள்ளியால் பிரிந்திருக்கும். தானியங்கிச் சப்டைட்டிலை இறக்கித் திருத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வரி கீழிருந்து மேலே உருண்டு போவது போலக் காட்டுவதற்காக அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரியும் அடுத்தடுத்து இருமுறை வருவதுண்டு. அதை அப்படியே எஸ்ஆர்டியாக்கினால் எல்லா வசனமும் இரட்டிப்பாகத் தெரியும்.

பக்கத்தில் பொருத்துவது

வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியில், வீடியோ என்ற குறிக்குள் ட்ராக் என்று இன்னொரு குறியை வைக்க வேண்டும். கோப்பின் முகவரி, வகை, மொழி, மெனுவில் தெரியவேண்டிய பெயர், தொடக்கத்திலேயே காட்ட வேண்டுமா என்பது என ஐந்து பண்புகள். இவற்றில் இரண்டு, ஆளைக் கவிழ்ப்பவை.

ஒன்று வகை. கைண்ட் என்ற அந்தப் பண்புக்கு 'சப்டைட்டில்ஸ்' என்று பன்மையில் எழுத வேண்டும். கடைசி எஸ் விட்டுப்போனால் உலாவிக்கு அது அறியாத சொல். அறியாத சொல் வந்தால் அந்தத் தடத்தை 'மெட்டாடேட்டா', அதாவது நிரலுக்கு மட்டுமான தகவல், என்று கொள்ள வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. மெட்டாடேட்டா திரையில் ஒருபோதும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பண்பை எழுதாமலே விட்டிருந்தால் சப்டைட்டில் என்றே எடுத்துக்கொண்டிருக்கும்.

மற்றொன்று மொழி. தமிழின் ஈரெழுத்துக் குறியீடு டிஏ. தமிழ்நாட்டை மனதில் வைத்துச் சிலர் டிஎன் என்று போடுகிறார்கள். அது போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசப்படும் ஸ்வானா மொழியின் குறியீடு. வசனம் தெரியத்தான் செய்யும்; ஆனால் தமிழை விருப்பமொழியாக வைத்திருப்பவரின் கருவிக்கு இது தமிழ் என்று தெரியாது.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் அடுத்த சந்தேகம் முகவரி மீது. பக்கத்தை டெஸ்க்டாப்பில் வைத்து இரட்டைச் சொடுக்கில் திறந்து சோதித்தால், குரோம் பாதுகாப்புக் கருதி சப்டைட்டில் கோப்பைத் தடுத்துவிடும். படம் ஓடும், வசனம் வராது. பைத்தானோடு வரும் சிறிய சர்வரை இயக்கி அதன் வழியாகத் திறந்தால் சரியாகிவிடும். பக்கம் ஒரு தளத்திலும் சப்டைட்டில் கோப்பு வேறு தளத்திலும் இருந்தாலும் இதே தடைதான். அதை நீக்க வீடியோ குறியில் கிராஸ்ஆரிஜின் என்ற பண்பைச் சேர்க்கச் சொல்வார்கள். அதைச் சேர்த்ததும் படத்தை அனுப்பும் சர்வரும், வேறு தளம் இதைப் படிக்கலாம் என்ற அனுமதித் தலைப்பை (ஹெடர்) தர வேண்டியதாகிவிடும். தராவிட்டால் இதுவரை ஓடிக்கொண்டிருந்த படமும் நின்றுபோகும். சிக்கல் இல்லாத வழி: படம் எங்கே இருந்தாலும் இருக்கட்டும், சப்டைட்டில் கோப்பைப் பக்கம் இருக்கும் தளத்திலேயே வைத்துவிடுவது. சில கிலோபைட் அளவுள்ள கோப்புக்கு வேறு சர்வர் எதற்கு?

திருத்திய பிறகும் பழைய வசனமே வந்தால் உலாவி பழைய கோப்பை நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். கோப்பின் பெயரை மாற்றுவதே விரைவான மருந்து.

சிலர் ட்ராக் குறியைத் தவிர்த்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட்டில் தாங்களே ஒரு பெட்டி வரைந்து வசனத்தைக் காட்டுகிறார்கள். கணினியில் அழகாக இருக்கும். ஐபோனில் முழுத்திரைக்குப் போனதும் படம் ஆப்பிளின் சொந்த இயக்கிக்கு (பிளேயருக்கு) போய்விடும். வரைந்த பெட்டி பின்னால் தங்கிவிடும். ட்ராக் குறியில் வைத்த வசனம் மட்டுமே கூடப் போகும்.

தமிழ் எழுத்து உடைகிற விதங்கள்

ஆங்கிலச் சப்டைட்டில் செய்பவருக்கு இல்லாத தொல்லை இது. திரையில் தெரிவதைக் கூர்ந்து பார்த்தால் ஐந்து விதமான உடைசல்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ, வட்டத்துக்குள் ஆர், அதையடுத்து ஏதோ ஒரு சின்னம் என்று மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் யூனிகோட் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். அந்த மூன்றையும் இயக்கி தனித்தனி மேற்கத்திய எழுத்துகளாகப் படிக்கிறது. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது; படிப்பவருக்குத்தான் குறியாக்கம் தெரியவில்லை. யுடிஎஃப்-8 என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை மோசம். பழைய நோட்பேடில் 'ஆன்சி' என்ற குறியாக்கத்தில் சேமித்தால், தமிழுக்கு அதில் இடமில்லாததால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக எழுதப்படும். அசல் அழிந்துவிட்டது, எந்த நிரலாலும் மீட்க முடியாது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேடின் இயல்புநிலை யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய கணினிகளில் சேமிக்கும் பெட்டியின் கீழே பார்த்துத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் பென்டிரைவ் செருகிப் பார்க்கும்போது காண்பது இதுதான்.

புள்ளி வட்டம் ஒன்றின் மேல் கொம்போ காலோ ஒட்டிக்கொண்டு வந்தால், உயிர்மெய்க் குறி மெய் இல்லாமல் தனியாக நிற்கிறது. "கெ" என்று எழுத கையால் கொம்பை முதலில் போடுவோம்; யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாற்றிய கோப்புகளில் வரிசை தலைகீழாகக் கிடக்கும். அதுவே கொம்பு சரியான மெய்க்குப் பின்னால், வலப்பக்கத்தில் தெரிந்தால் கோப்பில் குற்றமில்லை. எழுத்துகளை இடம் மாற்றிக் கோக்கும் வேலையை இயக்கி செய்யவில்லை.

ஐந்தாவது, ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் செய்யப்பட்ட பழைய கோப்புகளில் அதிகம்: வசனம் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்தாக வரும். பாமினி எழுத்துருவில் தட்டியவை அவை. அதில் "அம்மா" என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழ். இணையத்தில் பார்ப்பவரிடம் அந்த எழுத்துருவை எதிர்பார்க்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. ஆனால் முழுக் கோப்பையும் உள்ளே தள்ளினால் அம்புக்குறியும் அடைப்புக்குறிகளும் சாய்வெழுத்துக் குறிகளும்கூடத் தமிழாகிவிடலாம். வசனத்தை மட்டும் பிரித்து மாற்றி, மறுபடி சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

சாய்வெழுத்தைப் பற்றி ஒரு சொல். திரைக்கு வெளியிலிருந்து வரும் குரலுக்குச் சாய்வெழுத்து போடுவது ஆங்கில மரபு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவமே இல்லை. உலாவி நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. 'ழி', 'ணீ' போன்றவை அப்போது பக்கத்து எழுத்தில் இடித்துக்கொள்ளும். தமிழில் பேசுபவர் பெயரைப் போட்டுவிடுவதே தெளிவு.

நேரம் தவறுவது மூன்று வகை

முதல் வசனமும் கடைசி வசனமும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஜி, எச் விசைகள் ஒவ்வொரு தட்டலுக்கும் வசனத்தை 50 மில்லிநொடி முன்னும் பின்னும் நகர்த்தும். அதை வைத்தே அளந்துவிடலாம்.

இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் எல்லா நேரத்தோடும் ஒரே எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ செய்தால் போதும். முன்னால் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், படத்தின் வேகம் வேறு. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம். நம் ஊர் 'பால்' (பிஏஎல்) தொலைக்காட்சி முறை டிவிடிக்கு 25 பிரேமாக வேகப்படுத்துவது வழக்கம். 144 நிமிடப் படம் அப்போது 138 நிமிடம் 14 நொடியாகச் சுருங்கும். அந்த டிவிடிக்குச் செய்த சப்டைட்டிலை 24 பிரேம் இணையப் பிரதிக்குப் போட்டால் கடைசிக் காட்சியில் ஏறத்தாழ 5 நிமிடம் 46 நொடி முந்தி ஓடும். 24-க்கும் 23.976-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான். அதே படத்தில் அதுவும் முடிவில் எட்டரை நொடிக்கு மேல் ஆகிவிடும்.

கணக்கு எளிது. கோப்பில் முதல் வசனம் 60-ஆவது நொடி, படத்தில் உண்மையில் 65.5. கோப்பில் கடைசி வசனம் 6,960-ஆவது நொடி, படத்தில் 7,253. படத்தின் இடைவெளி 7,187.5, கோப்பின் இடைவெளி 6,900. வகுத்தால் 1.04167, அதாவது 25-ஐ 24-ஆல் வகுத்த எண். ஆக வேகக் கோளாறுதான். 60-ஐ இந்த எண்ணால் பெருக்கினால் 62.5, மிச்சம் 3 நொடி சின்னத்தால் வந்தது. எல்லா நேரத்தையும் 1.04167-ஆல் பெருக்கி 3 நொடி கூட்டினால் படம் முழுவதும் பொருந்தும். சப்டைட்டில் எடிட்டில் இரண்டு இடத்தைக் காட்டிக் கொடுத்தால் இந்தக் கணக்கை அதுவே செய்துவிடும். விடை இப்படித் தெரிந்த விகிதம் ஒன்றுக்கு அருகில் வராவிட்டால் மூன்றாம் வகையைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் வகை தமிழ்ப் படங்களுக்கே உரியது என்று சொல்லலாம். பாதிப் படம் வரை சரியாகப் போய், ஓர் இடத்தில் குதித்து, அங்கிருந்து ஒரே அளவு தள்ளியே போகும். ஒரு பிரதியில் பாடலை வெட்டியிருப்பார்கள், அல்லது இடைவேளை அட்டை போயிருக்கும். பெருக்கல் இங்கே உதவாது, மொத்தத்தையும் கெடுக்கும். குதித்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் உள்ளவற்றை மட்டும் நகர்த்த வேண்டும்.

எச்எல்எஸ் முறையில் துண்டு துண்டாக ஒளிபரப்பும் தளங்களில் வசனம் சரியாக 10 நொடி தள்ளியிருந்தால், வெப்விடிடி துண்டுகளின் தலையில் உள்ள நேரப்பொருத்த வரியைப் பாருங்கள். அதன் கடிகாரம் நொடிக்கு 90,000 தட்டுகள். 9,00,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தால் பத்து நொடி போய்விடும்.

எவ்வளவு எழுத்து, எங்கே உடைப்பது

இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வசனம் திரையில் நிற்கும் நேரத்துக்கு நெட்ஃபிளிக்ஸின் பொது விதி குறைந்தது ஆறில் ஐந்து நொடி, அதிகபட்சம் 7 நொடி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலத்துக்கான வரிக்கு 42 எழுத்து என்ற கணக்கைத் தமிழில் போடும்போது எதை எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். "மொழிபெயர்ப்பு" நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடுக்கு அது 13 குறி, கோப்பில் 39 பைட். பல திருத்திகள் குறியைத்தான் எண்ணுகின்றன. அதனால் நியாயமான தமிழ் வரிகூடச் சிவப்பில் எச்சரிக்கப்படும். அதைப் பார்த்து வசனத்தை வெட்டிக் கொத்த வேண்டாம். வாய்விட்டுப் படித்து, பேச்சு முடிவதற்குள் படித்துவிட முடிகிறதா என்று பாருங்கள்.

வரியை உடைக்கும் இடம் அதைவிட முக்கியம். தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பு அதற்கும் கடைசியில். "நான் அங்க வர" என்று ஒரு வசனம் முடிந்து, அடுத்ததில் "முடியாது" என்று வந்தால், பார்வையாளர் ஒரு நொடி தவறாகப் புரிந்துகொள்கிறார். துணைவினையையும் மறுப்பையும் முதன்மை வினையிலிருந்து பிரிக்கவே கூடாது. பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்காமல் இருப்பது நல்லது. உலாவி இடைவெளி இருக்கும் இடத்தில்தான் வரியை மடக்கும். "கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" போன்ற நீளச் சொல்லைப் பெரிய எழுத்தில் சிறிய ஃபோனில் பார்த்தால் சொல்லின் நடுவில் எங்கேயாவது உடையும். அங்கே "கேட்டவங்க எல்லாருக்கும்" போதும்.

காது கேளாதவர்களுக்கான கோப்பு என்றால் வகையில் 'கேப்ஷன்ஸ்' என்று குறித்து, வசனத்தோடு ஒலியையும் எழுத வேண்டும்: [கதவு தட்டும் ஓசை], [தூரத்தில் பறை]. பேசுபவர் திரையில் இல்லாதபோது பெயர் கட்டாயம். முன்பே பதிவுசெய்த காணொளிக்குக் கேப்ஷன் இருக்க வேண்டும் என்பது இணைய அணுகுதன்மை நெறிகளின் அடிமட்டத் தேவை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களில் இதைக் கேட்கிறது. 2024 மார்ச்சில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளில் காட்டப்படும் படங்களுக்கும் நெறிமுறை வெளியிட்டது. மொழிபெயர்ப்புக் கோப்பையே பெயர் மாற்றிக் கேப்ஷன் என்று போடுவது காது கேளாதவர்களை ஏமாற்றுவது. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் கேப்ஷன் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து காது கேளாமல் வளர்ந்தவர் தமிழில்தானே படிப்பார்!

வெளியிடுவதற்கு முன் ஒருமுறை ஃபோனில் ஒலியை முழுக்க அணைத்து, முழுத்திரையில், வெயிலில் நின்று முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் இடைவேளைக்குப் பிந்தைய இரண்டு நிமிடமும் பாருங்கள். பிறகு, வசனம் எழுதாத ஒருவர் கையில் அந்த ஃபோனைக் கொடுங்கள்.